ஆங்கிலத்தில் வினை-பெயர்த் தொடர்களை அடுத்து வரும் முன்னிடைச்சொற்கள்

ஆங்கில மொழியில் ஒரு வினைச்சொல்லும் ஒரு பெயர்ச்சொல்லும் இணைந்து, ஒரே வினையின் பொருளைத் தரும் தொடர்கள் ஏராளமாக உள்ளன. "பே அட்டென்ஷன்" (கவனம் செலுத்து), "டேக் பார்ட்" (பங்கு கொள்), "மேக் யூஸ்" (பயன்படுத்து) ஆகியன இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள். இத்தொடர்கள் குறிக்கும் செயல் எதன் மேல் செல்கிறது என்பதைக் காட்ட, தொடரை அடுத்து ஒரு முன்னிடைச்சொல் வருகிறது. முதல் தொடர் "டு" என்பதையும், இரண்டாவது "இன்" என்பதையும், மூன்றாவது "ஆஃப்" என்பதையும் ஏற்கின்றன.

எந்தத் தொடருக்கு எந்த முன்னிடைச்சொல் உரியது என்பதைப் பெரும்பாலும் தொடரில் உள்ள பெயர்ச்சொல்லே தீர்மானிக்கிறது; வினைச்சொல் தீர்மானிப்பதில்லை. சில தொடர்களில் மட்டும் இவ்விதி பொருந்தாது. அங்கு வினையும் பெயரும் சேர்ந்த முழுத்தொடரே முன்னிடைச்சொல்லை முடிவு செய்கிறது. இவ்விரு வகைகளையும் பிரித்தறிவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கு இன்றியமையாதது.

இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிகளுக்குள் தரப்பட்டுள்ளன.

அமைப்பு

இத்தகைய தொடர் மூன்று உறுப்புகளைக் கொண்டது.

* வினை: பெரும்பாலும் "டேக்", "மேக்", "ஹேவ்", "கிவ்", "பே", "டூ", "கீப்", "புட்" போன்ற மிகப் பொதுவான வினை.
* பெயர்: தொடரின் பொருளைச் சுமக்கும் சொல்.
* முன்னிடைச்சொல்: தொடரை அதன் இலக்கோடு இணைக்கும் சொல்.

இவ்வகைத் தொடர்களில் வினையின் சொந்தப் பொருள் பெரிதும் தேய்ந்துவிடுகிறது. "டேக்" என்பதற்கு "எடு" என்பது பொருள். ஆனால் "டேக் பார்ட்" என்னும்போது எவரும் எதையும் கையால் எடுப்பதில்லை. காலத்தையும் இடத்தையும் காட்டும் வேலையை மட்டுமே வினை செய்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் (1860-1943) ஆங்கில இலக்கணம் பற்றிய தமது பெருநூலில் இத்தகைய வினைகளை "லைட் வெர்ப்" என்று குறிப்பிட்டார். எடை குறைந்த வினை என்பது இதன் பொருள். இக்கட்டுரையில் இது மென்வினை எனப்படுகிறது.

தமிழிலும் இத்தகைய அமைப்பு உண்டு. "கவனம் செலுத்து", "உதவி செய்", "பங்கு கொள்", "நம்பிக்கை வை" ஆகியவற்றில் செலுத்து, செய், கொள், வை என்பன ஏறத்தாழ இதே பணியைச் செய்கின்றன.

வரலாற்றுப் பின்னணி

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறின. எழுவாய், செயப்படுபொருள், உடைமை, கொடை ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு முதன்மையான வேற்றுமைகளும், கருவிப்பொருளைக் குறிக்கும் வேற்றுமையின் எச்சங்களும் அம்மொழியில் இருந்தன. 1066 ஆம் ஆண்டின் நார்மன் படையெடுப்பைத் தொடர்ந்த சில நூற்றாண்டுகளில் இந்த ஈறுகளில் பெரும்பாலானவை மறைந்தன. இம்மறைவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஈறுகள் காட்டிய உறவுகளைச் சொல்வரிசையும் முன்னிடைச்சொற்களும் காட்டத் தொடங்கின.

இதனால் முன்னிடைச்சொற்களின் சுமை கூடியது. அவற்றின் பொருளும் விரிந்தது. "ஆஃப்" என்பதன் பழைய பொருள் "இருந்து", "விலகி" என்பதாகும். விலகலைக் குறிக்கும், எழுத்தில் ஈற்றெழுத்து இரட்டித்து வரும் மற்றொரு "ஆஃப்" என்னும் சொல்லும் இதிலிருந்து பிரிந்ததே. அதுபோல "வித்" என்பது முற்காலத்தில் "எதிராக" என்று பொருள்பட்டது. "ஃபைட் வித்" (ஒருவரோடு சண்டையிடு) என்பதில் அப்பழைய பொருளின் சாயல் இன்றும் உள்ளது. ஒரு முன்னிடைச்சொல்லுக்கு ஒரே பொருள் என்று கற்பவர் தடுமாறுவதற்கு இவ்வரலாறே காரணமாகும்.

பெயர்ச்சொல்லின் பங்கு

மென்வினை மாறினாலும் பெயர் மாறாதவரை முன்னிடைச்சொல் பெரும்பாலும் மாறுவதில்லை. "அட்டென்ஷன்" என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம்.

* "பே அட்டென்ஷன் டு" - கவனம் செலுத்து
* "கிவ் அட்டென்ஷன் டு" - கவனம் கொடு
* "டிரா அட்டென்ஷன் டு" - கவனத்தை ஈர்

மூன்று வினைகள் வந்தபோதும் "டு" நிலைத்து நிற்கிறது. இதற்கு மாறாக, வினையை நிலையாக வைத்துப் பெயரை மாற்றினால் முன்னிடைச்சொல்லும் உடன் மாறுகிறது.

* "டேக் பார்ட் இன்" - பங்கு கொள்
* "டேக் கேர் ஆஃப்" - பேணு, பார்த்துக்கொள்
* "டேக் ரெஸ்பான்ஸிபிலிட்டி ஃபார்" - பொறுப்பேற்றுக்கொள்
* "டேக் எ லுக் அட்" - ஒருமுறை பார்

எனவே "டேக் என்பதற்குப் பின் எது வரும்" என்ற கேள்விக்கு விடை இல்லை. "பார்ட் என்பதற்குப் பின் எது வரும்" என்ற கேள்விக்கு விடை உண்டு.

தனி வினையும் பெயரும்

கற்பவரிடையே மிகுதியாகக் காணப்படும் பிழை ஒன்று இங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் பல வினைகள் முன்னிடைச்சொல் இன்றி நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கின்றன. அவ்வினைக்கு இணையான பெயரோ முன்னிடைச்சொல்லை வேண்டி நிற்கிறது. பெயருக்கு உரிய முன்னிடைச்சொல்லை வினைக்கும் சேர்த்துவிடுவதே பிழை.

எடுத்துக்காட்டாக, "டிஸ்கஸ்" (விவாதி) என்னும் வினைக்கு முன்னிடைச்சொல் தேவையில்லை. "வி டிஸ்கஸ்ட் தி பிளான்" என்பதே சரியான வாக்கியம். "டிஸ்கஷன்" என்னும் பெயரைப் பயன்படுத்தினால் "வி ஹேட் எ டிஸ்கஷன் அபௌட் தி பிளான்" என்று "அபௌட்" சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் கலந்ததால் பிறந்ததே "டிஸ்கஸ் அபௌட்" என்னும் வழக்கு. இந்திய ஆங்கிலத்திலும், ஆங்கிலம் இரண்டாம் மொழியாக வழங்கும் வேறு சில நாடுகளிலும் இவ்வழக்கு பரவலாக உள்ளது. பிரித்தானிய, அமெரிக்கப் பொதுவழக்குகள் இதனை ஏற்பதில்லை.

இதே வகையைச் சேர்ந்த வேறு சில சொற்கள் கீழே தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரியிலும் முதலில் வருவது முன்னிடைச்சொல் ஏற்காத வினை. அடுத்து வருவது முன்னிடைச்சொல்லை ஏற்கும் பெயர்த்தொடர்.

* வலியுறுத்து: "எம்ஃபசைஸ்" - "புட் எம்ஃபசிஸ் ஆன்"
* கோரு: "ரிக்வெஸ்ட்" - "மேக் எ ரிக்வெஸ்ட் ஃபார்"
* பொருள் அனுப்பக் கோரு: "ஆர்டர்" - "பிளேஸ் அன் ஆர்டர் ஃபார்"
* விடையளி: "ஆன்ஸர்" - "கிவ் அன் ஆன்ஸர் டு"
* சென்று காண்: "விசிட்" - "பே எ விசிட் டு"
* பாதி: "அஃபெக்ட்" - "ஹேவ் அன் எஃபெக்ட் ஆன்"
* தாக்கு: "அட்டாக்" - "மேக் அன் அட்டாக் ஆன்"
* தொடர்பு கொள்: "கான்டாக்ட்" - "மேக் கான்டாக்ட் வித்"
* சேதப்படுத்து: "டேமேஜ்" - "டூ டேமேஜ் டு"
* புலனாய்வு செய்: "இன்வெஸ்டிகேட்" - "கேரி அவுட் அன் இன்வெஸ்டிகேஷன் இன்ட்டு"

விடுப்பு விண்ணப்பத்தில் "ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" என்று எழுதுவது இவ்வகைப் பிழையே. "ரிக்வெஸ்ட்" இங்கு வினையாக இருப்பதால் "ஃபார்" தேவையில்லை. "மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" என்பதில் அதே சொல் பெயராக இருப்பதால் "ஃபார்" தேவைப்படுகிறது. சொல் ஒன்றாக இருந்தும், வாக்கியத்தில் அதன் வகை மாறியதால் விதியும் மாறியது.

வினையும் பெயரும் ஒரே முன்னிடைச்சொல்லை ஏற்கும் இடங்களும் உண்டு. "டிபெண்ட் ஆன்" - "டிபெண்டன்ஸ் ஆன்" (சார்ந்திருத்தல்), "அப்ஜெக்ட் டு" - "அப்ஜெக்ஷன் டு" (மறுப்பு), "பிலீவ் இன்" - "பிலீஃப் இன்" (நம்பிக்கை) ஆகியன அத்தகையன. ஆயினும் இதனைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது. பெருமையைக் குறிக்கும் சொற்குடும்பம் இதற்குச் சான்றாகும். உரிச்சொல்லாக வருகையில் "பிரவுட் ஆஃப்", பெயராக வருகையில் "டேக் பிரைட் இன்", வினையாக வருகையில் "பிரைட் ஒன்செல்ஃப் ஆன்" என்று மூன்று வடிவங்களுக்கு மூன்று முன்னிடைச்சொற்கள் வருகின்றன.

முன்னிடைச்சொல் வாரியாகத் தொடர்கள்

முன்னிடைச்சொற்களின் தேர்வு முழுவதும் தற்செயலானதன்று. பொருளால் நெருங்கிய பெயர்கள் ஒரே முன்னிடைச்சொல்லை ஏற்கும் போக்கு காணப்படுகிறது. கீழ்க்காணும் வகைப்பாடு நினைவில் கொள்வதற்கு உதவும். இது விதிவிலக்கற்ற விதி அன்று.

"டு": ஓர் இலக்கை நோக்கிச் செல்லுதல்.
* "கிவ் ரைஸ் டு" - தோற்றுவி
* "ஹேவ் அக்செஸ் டு" - அணுகும் வாய்ப்பைப் பெற்றிரு
* "லே கிளெய்ம் டு" - உரிமை கொண்டாடு

"ஆன்": ஒன்றின் மேல் அழுத்தம், சுமை அல்லது விளைவு.
* "புட் பிரெஷர் ஆன்" - நெருக்கடி கொடு
* "இம்போஸ் எ டாக்ஸ் ஆன்" - வரி விதி
* "இம்போஸ் எ பேன் ஆன்" - தடை விதி
* "கீப் அன் ஐ ஆன்" - கண்காணி

"இன்": ஒன்றனுள் ஈடுபாடு அல்லது மனம் பதிதல்.
* "ஹேவ் கான்ஃபிடன்ஸ் இன்" - நம்பிக்கை கொள்
* "டேக் அன் இன்ட்ரஸ்ட் இன்" - ஆர்வம் காட்டு
* "பிளே எ ரோல் இன்" - பங்காற்று

"ஃபார்": நோக்கம், தேவை, பிறர் சார்பு.
* "மேக் ரூம் ஃபார்" - இடமளி
* "ஹேவ் ரெஸ்பெக்ட் ஃபார்" - மதிப்பு வை
* "ஹேவ் எ ரீசன் ஃபார்" - காரணம் கொண்டிரு

"ஆஃப்": பெயருக்கும் இலக்குக்கும் இடையே உடைமை போன்ற நெருங்கிய உறவு.
* "கீப் டிராக் ஆஃப்" - தொடர்ந்து கவனித்து வா
* "லூஸ் சைட் ஆஃப்" - பார்வையிலிருந்து தவறவிடு, மறந்துவிடு
* "மேக் ஃபன் ஆஃப்" - கேலி செய்
* "டேக் போசெஷன் ஆஃப்" - உடைமையாக்கிக்கொள்

"வித்": உடனிருத்தல், இணைதல், சில வேளைகளில் மோதல்.
* "கீப் பேஸ் வித்" - ஈடுகொடுத்து முன்னேறு
* "லூஸ் டச் வித்" - தொடர்பை இழ
* "ஃபைண்ட் ஃபால்ட் வித்" - குறை காண்

முழுத்தொடரே தீர்மானிக்கும் இடங்கள்

ஒரு பெயர் வெவ்வேறு வினைகளோடு சேரும்போது வெவ்வேறு முன்னிடைச்சொற்களை ஏற்கும் இடங்களும் உள்ளன. இங்குப் பெயரை மட்டும் பார்த்துப் பயனில்லை; தொடரை முழுமையாக மனத்தில் கொள்ள வேண்டும்.

* "ஹேட்" என்று ஒலிக்கும் வெறுப்புச் சொல்லோடு குழப்பத்தக்க "ஹீட்" (செவிசாய்த்தல்): "பே ஹீட் டு", ஆனால் "டேக் ஹீட் ஆஃப்".
* "பிட்டி" (இரக்கம்): "ஃபீல் பிட்டி ஃபார்", ஆனால் "டேக் பிட்டி ஆன்". முன்னது மனத்தில் எழும் உணர்வு. பின்னது இரங்கி உதவுதல்.
* "அட்வான்டேஜ்" (அனுகூலம்): "ஹேவ் அன் அட்வான்டேஜ் ஓவர்" என்றால் ஒருவரைவிட மேலான நிலையில் இருத்தல். "டேக் அட்வான்டேஜ் ஆஃப்" என்றால் ஒன்றை நன்கு பயன்படுத்திக்கொள்ளுதல், அல்லது ஒருவரின் எளிய நிலையைத் தன்னலத்துக்குப் பயன்படுத்துதல்.
* "கன்ட்ரோல்" (கட்டுப்பாடு): "ஹேவ் கன்ட்ரோல் ஓவர்" அல்லது "ஹேவ் கன்ட்ரோல் ஆஃப்" என இரண்டும் வரும். ஆனால் "டேக் கன்ட்ரோல்", "லூஸ் கன்ட்ரோல்" ஆகியவற்றை அடுத்து "ஆஃப்" வருவதே இயல்பு.
* "வே" (வழி): "கிவ் வே டு" என்பது இணங்குதல் அல்லது விட்டுக்கொடுத்தல். "மேக் வே ஃபார்" என்பது மற்றொன்று வர இடம்விடுதல்.

பொருள் மாறுதல்

தவறான முன்னிடைச்சொல் எப்போதும் வெறும் நடைப்பிழையாக நின்றுவிடுவதில்லை. சில இடங்களில் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். ஆனால் எழுதியவர் கருதாத பொருளைத் தரும். முறையீடு, ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு போன்றவற்றில் இவ்வேறுபாடு முக்கியமானது.

* "கம்ப்ளெயின்ட்" (புகார்): "டு" என்பதை அடுத்துப் புகாரைப் பெறுபவரும், "அகெய்ன்ஸ்ட்" என்பதை அடுத்துப் புகாருக்கு உள்ளானவரும், "அபௌட்" என்பதை அடுத்துப் புகாரின் பொருளும் வருகின்றன. மேலாளரிடம் புகார் கொடுத்தவர் முன்னிடைச்சொல்லை மாற்றி எழுதினால், மேலாளர் மீதே புகார் கொடுத்தவராகிவிடுவார்.
* "சார்ஜ்": "தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்ட்" என்றால் செவிலியர் குழந்தைக்குப் பொறுப்பாளர். "தி சைல்ட் இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்" என்றால் குழந்தை செவிலியரின் பொறுப்பில் உள்ளது. "தி" என்னும் சுட்டுச்சொல் சேர்ந்ததும் பொறுப்பாளரும் பொறுப்பில் இருப்பவரும் இடம் மாறுகின்றனர். "பிரிங் எ சார்ஜ் அகெய்ன்ஸ்ட்" என்பதோ ஒருவர் மீது குற்றம் சாட்டுவதாகும்.
* "அட்டெம்ப்ட்" (முயற்சி): "மேக் அன் அட்டெம்ப்ட் அட்" என்பது ஒரு செயலைச் செய்ய முயலுதல். "மேக் அன் அட்டெம்ப்ட் ஆன்" என்பதை அடுத்து ஒருவரின் உயிரைக் குறிக்கும் சொல் வந்தால், அது கொலை முயற்சியாகும்.
* "டிமாண்ட்": "டிமாண்ட் ஃபார்" என்பதை அடுத்துக் கேட்கப்படும் பொருள் வரும். "மேக் டிமாண்ட்ஸ் ஆன்" என்பதை அடுத்து அக்கேட்பின் சுமையைத் தாங்குபவர் வருவார்.
* "இன்ட்ரஸ்ட்": "டேக் அன் இன்ட்ரஸ்ட் இன்" என்றால் ஆர்வம் காட்டுதல். "பே இன்ட்ரஸ்ட் ஆன்" என்றால் கடனுக்கு வட்டி செலுத்துதல்.
* "எக்செப்ஷன்": "டேக் எக்செப்ஷன் டு" என்றால் எதிர்ப்புத் தெரிவித்தல். "மேக் அன் எக்செப்ஷன் ஃபார்" என்றால் ஒருவருக்கு விதிவிலக்கு அளித்தல்.
* "சிம்பதி": "ஃபார்" வருகையில் பெரும்பாலும் பரிவையும், "வித்" வருகையில் பெரும்பாலும் கருத்து உடன்பாட்டையும் குறிக்கும்.

வாக்கியத்தில் தொடர் அடையும் மாற்றங்கள்

அடைமொழி சேர்தல்: பெயரின் முன் அடைமொழி வந்தாலும் முன்னிடைச்சொல் மாறாது. "பே குளோஸ் அட்டென்ஷன் டு", "மேக் ஃபுல் யூஸ் ஆஃப்", "டேக் நோ நோட்டிஸ் ஆஃப்" என்பன எடுத்துக்காட்டுகள். தனி வினைக்குப் பதிலாக இத்தொடர்கள் விரும்பப்படுவதற்கு இவ்வசதியும் ஒரு காரணமாகும்.

செயப்பாட்டுவினை: இத்தொடர்களில் பலவற்றை இரண்டு வழிகளில் செயப்பாட்டுவினையாக மாற்றலாம். "தி சில்ட்ரன் வேர் டேகன் கேர் ஆஃப்" என்பதில் முன்னிடைச்சொல்லின் இலக்கு எழுவாயாகிறது. "குட் கேர் வாஸ் டேகன் ஆஃப் தி சில்ட்ரன்" என்பதில் தொடரின் பெயரே எழுவாயாகிறது. முதல் வாக்கியத்தில் ஈற்றில் நிற்கும் "ஆஃப்" விடப்படக் கூடாது.

வாக்கிய ஈற்றில் நிற்றல்: வினா வாக்கியங்களிலும் அடைத்தொடர்களிலும் முன்னிடைச்சொல் தன் இலக்கைப் பிரிந்து ஈற்றில் தனித்து நிற்கும். "வாட் ஆர் யூ மேக்கிங் யூஸ் ஆஃப்?" என்பது இதற்கு எடுத்துக்காட்டு. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672 ஆம் ஆண்டில் இவ்வழக்கைக் குறையாகச் சுட்டினார். அதன் பின்னர் நீண்ட காலம் பள்ளிகளில் இது பிழை என்று கற்பிக்கப்பட்டது. இன்றைய இலக்கண நூல்கள் இதனை இயல்பான ஆங்கிலமாகவே கருதுகின்றன.

முன்னிடைச்சொல்லை அடுத்து வரும் வடிவம்

முன்னிடைச்சொல்லை அடுத்து ஒரு செயலைக் குறிப்பிட வேண்டுமாயின், "இங்" ஈறு பெற்ற வினைவடிவமே வரும். "டேக் பிரைட் இன் டூயிங்" (செய்வதில் பெருமை கொள்) என்பது சான்று. "டு" வருமிடத்தில் மட்டும் குழப்பம் எழுகிறது. ஏனெனில் "டு" முன்னிடைச்சொல்லாகவும் வரும். வினையின் அடிப்படை வடிவத்துக்கு முன் நிற்கும் குறியாகவும் வரும்.

* "ஐ ஹேவ் நோ அப்ஜெக்ஷன் டு கோயிங்" - இங்கு "டு" முன்னிடைச்சொல்.
* "ஐ மேட் அன் எஃபர்ட் டு கோ" - இங்கு "டு" வினைக்குறி.

இவ்விரண்டையும் வேறுபடுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. "டு" என்பதை அடுத்து ஒரு பெயர்ச்சொல்லை இட்டுப் பார்க்க வேண்டும். "நோ அப்ஜெக்ஷன் டு தி பிளான்" என்பது பொருள் தருகிறது. எனவே அங்கு "இங்" ஈறு வேண்டும். "மேட் அன் எஃபர்ட் டு தி பிளான்" என்பது பொருள் தரவில்லை. எனவே அங்கு வினையின் அடிப்படை வடிவம் வரும்.

"தட்" என்று தொடங்கும் துணைவாக்கியத்துக்கு முன் இம்முன்னிடைச்சொற்கள் வருவதில்லை. "ஹேவ் நோ டவுட் அபௌட் தி ரிசல்ட்" (முடிவைப் பற்றி ஐயமில்லை) என்பது, துணைவாக்கியம் வரும்போது "ஹேவ் நோ டவுட் தட்" என்று "அபௌட்" இன்றி அமையும்.

தமிழ் வேற்றுமைகளுடன் ஒப்பீடு

ஆங்கில முன்னிடைச்சொற்கள் செய்யும் பணியைத் தமிழில் பெயரின் ஈற்றில் சேரும் வேற்றுமை உருபுகளும், மீது, பற்றி, இடையே போன்ற சொல்லுருபுகளும் செய்கின்றன. தமிழ் பேசுவோர் தம் மொழியின் உருபுக்கு நேரான முன்னிடைச்சொல்லைத் தேடுவது இயல்பே. சில இடங்களில் இம்முயற்சி சரியான விடையைத் தரும்; பல இடங்களில் தராது.

* "பாடத்தில் கவனம் செலுத்து", "பாடத்தின் மீது கவனம் செலுத்து" என்னும் தமிழ் வழக்குகள் "இன்", "ஆன்" ஆகியவற்றைத் தூண்டும். ஆங்கிலம் "டு" என்பதையே ஏற்கும்.
* "அவர் மீது நம்பிக்கை" என்பது "ஆன்" என்று எழுதத் தூண்டும். "ஹேவ் ஃபெய்த் இன்" என்பதே சரி.
* "திட்டத்தைப் பற்றி விவாதித்தனர்" என்பதிலுள்ள "பற்றி" என்னும் சொல்லே "டிஸ்கஸ் அபௌட்" என்னும் வழக்குக்கு வலுவூட்டுகிறது.
* "அவரோடு தொடர்பு கொள்" என்பது "கான்டாக்ட் வித் ஹிம்" என்று வினையோடு "வித்" சேர்க்கத் தூண்டும். பெயராக வரும் "மேக் கான்டாக்ட் வித்" என்பதில் மட்டுமே அது பொருந்தும்.
* "விபத்துக்குக் காரணம்", "தாமதத்துக்குக் காரணம்" என்று தமிழில் இரண்டிலும் நான்காம் வேற்றுமை வருகிறது; "காரணம்" என்னும் ஒரே சொல்லும் வருகிறது. ஆங்கிலத்தில் ஒன்றை விளைவித்தது எது என்னும்போது "காஸ் ஆஃப்" என்றும், ஏன் என்று விளக்கும்போது "ரீசன் ஃபார்" என்றும் வரும்.
* "போட்டியில் பங்கு கொள்" என்பதும் "டேக் பார்ட் இன்" என்பதும் ஒத்துச் செல்கின்றன.

உருபுக்கும் பொருளுக்கும் எங்கும் ஒன்றுக்கொன்று என்ற உறவு இராது என்பதைத் தமிழ் இலக்கண மரபும் அறிந்திருந்தது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என்னும் தனி இயல் உள்ளது. ஒரு வேற்றுமை மற்றொன்றன் பொருளிலும் வருவது அதில் பேசப்படுகிறது. ஒரு மொழிக்குள்ளேயே இத்தகைய மயக்கம் உண்டெனில், இரு மொழிகளுக்கு இடையே நேர்ப்பொருத்தத்தை எதிர்பார்க்க இயலாது.

இலக்கண நூல்களும் அகராதிகளும்

இந்தியாவில் பல தலைமுறை மாணவர்கள் பயன்படுத்திய ரென், மார்ட்டின் ஆகியோரின் பள்ளி இலக்கண நூல், குறிப்பிட்ட முன்னிடைச்சொற்களை ஏற்கும் பெயர், உரிச்சொல், வினை ஆகியவற்றைப் பட்டியல்களாகத் தருகிறது. இப்பட்டியல்களில் பெயரும் வினையும் தனித்தனியே பிரிக்கப்பட்டுள்ளன. இப்பிரிவைக் கவனிக்காமல் மனப்பாடம் செய்வது மேலே கூறப்பட்ட கலப்புப் பிழைக்கு வழிவகுக்கும்.

சொற்கள் வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்சேர்க்கைகளை மொழி கற்பித்தலுக்காகத் தொகுக்கும் பணியில் ஜப்பானில் பணியாற்றிய ஹாரல்டு பால்மர் முன்னோடியாவார். ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய அவரது அறிக்கை 1933 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பியும் குழுவினரும் தொகுத்த கற்போர் அகராதி 1942 ஆம் ஆண்டில் டோக்கியோவில் வெளியானது. 1948 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை மறுபதிப்பாக வெளியிட்டது. இன்று வழங்கும் ஆக்ஸ்போர்டு உயர்நிலைக் கற்போர் அகராதி இதன் வழிவந்ததாகும்.

1985 ஆம் ஆண்டில் ராண்டால்ஃப் குவர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம், "டேக் கேர் ஆஃப்" போன்ற தொடர்களைத் தனி வகையாக விளக்குகிறது. 1986 ஆம் ஆண்டில் வெளிவந்த பிபிஐ சொற்சேர்க்கை அகராதி, பெயரும் முன்னிடைச்சொல்லும் சேர்வதை இலக்கணச் சொற்சேர்க்கைகளின் முதல் வகையாக வைத்தது. 2002 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு சொற்சேர்க்கை அகராதி வெளிவந்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு தொடருக்கு உரிய முன்னிடைச்சொல்லில் ஐயம் எழும்போது பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

# வாக்கியத்தில் இருப்பது தனி வினையா, வினையும் பெயரும் சேர்ந்த தொடரா என்று காண்க. தனி வினையாயின், அது முன்னிடைச்சொல் இன்றி வரக்கூடியதா என்று முதலில் பார்க்க.
# தொடராயின், பொருளைச் சுமக்கும் பெயரைக் கண்டறிக. கற்போர் அகராதியில் "டேக்", "மேக்" ஆகியவற்றின் கீழ்த் தேடாமல், அப்பெயரின் கீழ்த் தேடுக.
# அகராதியில் முழுத்தொடர் தனியே தரப்பட்டிருந்தால், அதனை ஒரே சொல்போல் முன்னிடைச்சொல்லோடு சேர்த்து நினைவில் கொள்க.
# ஒன்றுக்கு மேற்பட்ட முன்னிடைச்சொற்கள் தரப்பட்டிருந்தால், ஒவ்வொன்றையும் அடுத்து வருவது ஆளா, பொருளா, செயலா என்று எடுத்துக்காட்டு வாக்கியங்களில் காண்க.
# அடுத்து வருவது செயலாயின் "இங்" ஈறு சேர்க்க.

புதிய பெயர்ச்சொல் ஒன்றைக் கற்கும்போதே அதற்குரிய முன்னிடைச்சொல்லையும் ஒரு முழு வாக்கியத்தில் சேர்த்து எழுதி வைப்பது பயன் தரும். "அட்டென்ஷன் என்றால் கவனம்" என்று மட்டும் குறித்து வைத்தவர், அச்சொல்லை எழுதும்போது மீண்டும் அகராதியை நாட நேரும். "பே அட்டென்ஷன் டு" என்று குறித்து வைத்தவருக்கு அத்தேவை எழாது.

இவற்றையும் பார்க்க

* முன்னிடைச்சொல்
* வேற்றுமை உருபு
* ஆங்கில இலக்கணம்
* சொற்சேர்க்கை
* இந்திய ஆங்கிலம்

பகுப்புகள்: ஆங்கில இலக்கணம் | மொழியியல்